எண்ணெய்க் கிணற்றில் பணம் போடும் முன்: பாறை, துளை, பங்கு, கணக்கு

துளை போட்டுப் பார்க்கும்வரை நிலத்தடியில் எண்ணெய் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. பூமிக்குள் அதிர்வலைகளை அனுப்பி, அவை பாறைகளில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்யும் சீஸ்மிக் ஆய்வு இன்று எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆனாலும் அது காட்டுவது பாறை அடுக்குகளின் வடிவத்தைத்தான். அடுக்குக்குள் நிற்பது எண்ணெயா, எரிவாயுவா, உப்புநீரா என்பதைப் பெரும்பாலும் ஊகிக்கத்தான் முடிகிறது. புதிய இடங்களில் தோண்டும் ஆய்வுக் கிணறுகளில் பாதிக்கு மேல் வெறுங்கிணறாக முடிவது இந்தத் தொழிலில் வழக்கம். முன்பின் யாரும் தோண்டாத படுகையில் பத்தில் ஒன்றிரண்டு தேறினாலே நல்லது என்பார்கள்.

இப்படிப்பட்ட தொழிலில் பணம் போட நினைப்பவர் 'எண்ணெய் கிடைக்குமா?' என்ற ஒரு கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, கிடைத்தால் எத்தனை பேரல், அதில் நம் பங்கு எவ்வளவு, அந்தப் பணம் எந்த ஆண்டில் கைக்கு வரும், அதுவரை நிறுவனம் தாக்குப்பிடிக்குமா என்பதெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கப்படும் எண்கள். ஒன்று சிறுத்தால் விடையும் சிறுத்துவிடும்.

பாறையில் நான்கு நிபந்தனைகள்

நிலத்தடியில் எண்ணெய் ஏரியாகத் தேங்கி நிற்பதில்லை. தண்ணீரில் ஊறிய செங்கல்லுக்குள் நீர் இருப்பதுபோல, பாறையின் நுண்துளைகளுக்குள் அது தங்கியிருக்கிறது. அப்படித் தங்குவதற்கு நான்கு நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும்.

முதலாவது மூலப்பாறை. கடலிலோ ஏரியிலோ வாழ்ந்த நுண்ணுயிர்களின் எச்சம் களிமண்ணோடு புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் வேக வேண்டும். ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை எண்ணெய் உருவாகிறது. அதற்கு மேல் போனால் எரிவாயு. ஆழம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 25 முதல் 30 டிகிரி கூடுகிறது. ஆகவே இரண்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் வரை புதைந்த மூலப்பாறையே எண்ணெய்க்குத் தோதானது. அவ்வளவு ஆழம் புதையாத பாறையில் எண்ணெய் உருவாகியிருக்காது. மிக ஆழம் போனதில் எண்ணெய் மிஞ்சியிருக்காது.

இரண்டாவது தேக்கப்பாறை. பெரும்பாலும் மணற்பாறை அல்லது சுண்ணாம்புப் பாறை. இதில் துளைகள் இருந்தால் மட்டும் போதாது, அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கவும் வேண்டும். முன்னது போராசிட்டி, பின்னது பெர்மியபிலிட்டி. 20 சதவீதம் போராசிட்டி இருந்தும் இணைப்பு இல்லாத பாறையில் எண்ணெய் இருக்கும், கிணற்றுக்கு வராது. எப்போதும் மணற்பாறைதான் என்றும் இல்லை. காவிரிப் படுகையின் கடற்பகுதியிலுள்ள பிஒய்-1 வயலில் எரிவாயு நிற்பது கடினமான அடிப்பாறையின் வெடிப்புகளுக்குள். இத்தகைய வயல்களில் வெடிப்புகளின் கொள்ளளவை முன்கூட்டிக் கணிப்பது மிகக் கடினம். அறிக்கையில் 'வெடிப்புப் பாறை' என்று கண்டால் மதிப்பீட்டு எண்களை இன்னும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

மூன்றாவது பொறி: எண்ணெய் மேலேறிவந்து சிக்கிக்கொள்ளும் வடிவம். கவிழ்த்த கிண்ணம்போல் வளைந்த அடுக்கு, பிளவால் நகர்ந்து அடைபட்ட அடுக்கு, மணல் மெலிந்து முடிந்துபோகும் விளிம்பு எனப் பல வகை உண்டு. நான்காவது மூடுபாறை: களிப்பாறையோ உப்புப் படிவமோ மேலே இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. வழி கிடைத்தால் மேலேறிப் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த நான்கும் இருந்தும் கால வரிசை தவறினால் எல்லாம் வீண். எண்ணெய் நகர்ந்து வந்த பிறகு பொறி உருவாகியிருந்தால் அதில் சிக்க ஒன்றுமிருக்காது. பொறி பின்னாளில் சாய்ந்தாலோ மூடி உடைந்தாலோ, சிக்கியதும் கசிந்துவிடும். அலாஸ்காவை ஒட்டிய பியூஃபோர்ட் கடலில் 1983இல் தோண்டிய முக்லுக் கிணறுதான் இதற்குப் புகழ்பெற்ற பாடம். புரூடோ பே என்ற மாபெரும் வயல் இருக்கும் அதே கடற்கரை, பிரமாண்டமான பொறி, சோஹியோ முதலிய நிறுவனங்கள் குத்தகை ஏலத்துக்கு மட்டுமே நூறு கோடி டாலருக்கு மேல் கொட்டின. கடலில் செயற்கைத் தீவு எழுப்பித் தோண்டினார்கள். வந்தது உப்புநீர். பாறையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஒருகாலத்தில் அங்கே எண்ணெய் நின்று, பிறகு போய்விட்டிருக்கிறது. பக்கத்து வயலில் எண்ணெய் இருக்கிறது என்ற வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அந்தக் கறையே அளவு.

வாய்ப்பைப் பெருக்கிப் பாருங்கள்

புவியியலாளர்கள் ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு வாய்ப்பு எண் தருவார்கள். மூலப்பாறை 0.9, தேக்கப்பாறை 0.7, பொறி 0.7, மூடுபாறை 0.6 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே பார்த்தால் எல்லாமே பாதிக்கு மேல், நம்பிக்கை பிறக்கும். பெருக்கினால் 0.26 வருகிறது. நான்கு கிணறு தோண்டினால் ஒன்று தேறலாம் என்று பொருள்.

நிறுவனத்தின் விளக்கக் காட்சியில் இந்த மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். நான்கில் எது பலவீனம், ஏன் என்று தேடுங்கள். மூடுபாறைதான் சந்தேகம் என்றால் அது அந்த ஒரு பொறியின் பிரச்சினையாக இருக்கலாம். மூலப்பாறையே சந்தேகம் என்றால் கதை வேறு: அதே படுகையில் அந்த நிறுவனம் பட்டியலிட்டிருக்கும் பத்து இலக்குகளும் ஒரே மூலப்பாறையை நம்பியிருக்கும். முதல் கிணறு பொய்த்தால் மற்ற ஒன்பதும் அதோடு மதிப்பிழக்கும். 'பத்து இலக்குகள்' என்று சொல்லும்போது அவை பத்துத் தனி வாய்ப்புகளா, ஒரே வாய்ப்பின் பத்து நகல்களா என்பதைத்தான் முதலில் அறிய வேண்டும்.

சீஸ்மிக் படத்தில் ஓரிடம் பளிச்சென்று தெரிவதை வைத்து வாய்ப்பை 50, 60 சதவீதம் வரை உயர்த்திக் காட்டுவதும் உண்டு. சில படுகைகளில் அது நியாயமே. ஆனால் மிகச் சிறிதளவு வாயு கலந்த தண்ணீரும் அதேபோலப் பளிச்சிடும். அந்தப் படுகையில் இத்தகைய அடையாளத்தை நம்பித் தோண்டிய முந்தைய கிணறுகள் என்னவாயின என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

எத்தனை பேரல்?

கொள்ளளவுக் கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். பொறியின் பரப்பு 5 சதுர கிலோமீட்டர், எண்ணெய் தாங்கும் பாறையின் நிகர தடிமன் 20 மீட்டர் என்றால் பாறையின் கன அளவு 10 கோடி கன மீட்டர். போராசிட்டி 20 சதவீதம். ஆகத் துளைகளின் அளவு 2 கோடி. அந்தத் துளைகளில் 30 சதவீதம் தண்ணீர், மிச்சம் 1.4 கோடி. ஆழத்தின் அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு மேலே வரும்போது பிரிவதால் எண்ணெய் சுருங்கும், 1.25ஆல் வகுத்தால் 1.12 கோடி கன மீட்டர். ஒரு கன மீட்டர் 6.29 பேரல், அதாவது ஒரு பேரல் சுமார் 159 லிட்டர். மொத்தம் ஏறத்தாழ 7 கோடி பேரல்.

இது பாறைக்குள் இருப்பது. வெளியே எடுக்க முடிந்தது இதில் ஒரு பகுதிதான். 30 சதவீதம் எடுக்கலாம் என்றால் 2.1 கோடி பேரல். செய்திக் குறிப்பில் பெரிய எழுத்தில் வரும் எண் முதலாவதா இரண்டாவதா என்பதை எப்போதும் பாருங்கள். 'நிலத்தடியில் உள்ள' என்ற பொருள்படும் சொல் இருந்தால் அது முதல் எண்.

இப்போது ஒவ்வோர் எண்ணையும் சற்றே கீழே இழுப்போம். பரப்பு 3, தடிமன் 12 மீட்டர், போராசிட்டி 17 சதவீதம், தண்ணீர் 35 சதவீதம், எடுக்கக்கூடியது 25 சதவீதம். இவற்றில் எதுவும் பேரழிவு அல்ல. எல்லாம் தோண்டுவதற்கு முன் இருக்கும் சாதாரண ஐயங்கள். ஆனால் விடை 50 லட்சம் பேரலாகச் சுருங்கிவிடுகிறது, கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அதனால்தான் நேர்மையான மதிப்பீடு ஒற்றை எண்ணாக வருவதில்லை. பி90, பி50, பி10 என்று மூன்றாக வரும். பி90 என்பது 90 சதவீத வாய்ப்போடு எட்டக்கூடிய குறைந்த அளவு. பி10 என்பது பத்து சதவீத வாய்ப்பே உள்ள பெரிய அளவு. விளம்பரத்தில் பி10 மட்டும் வந்தால் மற்ற இரண்டையும் தேடிப் பிடியுங்கள். வாயுவை எண்ணெய்க்குச் சமமாக்கிச் சேர்க்கும்போதும் கவனம் தேவை. வெப்ப அளவின்படி 6,000 கன அடி வாயு ஒரு பேரலுக்குச் சமம் என்று கொள்வார்கள். ஆயிரம் கன அடி 3 டாலருக்கு விற்கும் இடத்தில் அந்த 'ஒரு பேரல்' 18 டாலர்தான் பெறும்.

துளை போடுவது

கிணற்றின் விட்டம் கீழே போகப் போகக் குறுகும். ஒரு கட்டம் தோண்டியதும் எஃகுக் குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் இடையே சிமென்ட் நிரப்பி, பிறகு அதனுள் சிறிய துரப்பண முனையை இறக்கி அடுத்த கட்டம் தோண்டுவார்கள். 20 அங்குலம், 13⅜, 9⅝, 7 என்று கேசிங் அளவுகள் இறங்கும். மேலேயுள்ள நிலத்தடி நன்னீரைக் காப்பதும், பாறை இடிந்து விழாமல் தாங்குவதும் இந்தக் குழாயும் சிமென்ட்டும்தான்.

துளைக்குள் ஓயாமல் சுற்றும் கனமான சேற்றுக் கரைசலை 'மட்' என்பார்கள். அது பாறைத் தூளை மேலே கொண்டுவருகிறது, முனையைக் குளிர்விக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாறையின் அழுத்தத்தை எதிர்த்து நிற்கிறது. மட் இலேசாகிவிட்டால் வாயுவோ எண்ணெயோ துளைக்குள் பாய்ந்துவிடும். கனமாகிவிட்டால் பாறை வெடித்து மட் முழுவதும் அதற்குள் ஓடிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சில கிணறுகளில் மிகக் குறுகலாக இருக்கும். செலவு எகிறுவது பெரும்பாலும் அங்கேதான். குழாய் சிக்கிக்கொண்டால் பக்கவாட்டில் புதிதாகத் தோண்ட வேண்டிவரும். ஆழ்கடலில் துளையிடும் மேடையான ரிக்கின் ஒரு நாள் வாடகையே சில லட்சம் டாலர். பத்து நாள் தாமதம் என்பது சிறிய கூட்டாளியைச் சாய்க்கப் போதும்.

செலவில் பங்கு வைத்திருப்பவர் விபத்திலும் பங்காளி. மெக்சிகோ வளைகுடாவின் மகோண்டோ கிணற்றில் 2010 ஏப்ரல் 20 அன்று நடந்த வெடிப்பில் 11 பேர் இறந்தார்கள். கிணற்றை நடத்தியது பிபி. ஆனால் 25 சதவீதப் பங்கு வைத்திருந்த அனடார்கோ பிபியோடு செய்த உடன்பாட்டில் 400 கோடி டாலர் கொடுக்க நேர்ந்தது. 10 சதவீதம் வைத்திருந்த மோயெக்ஸ் 100 கோடிக்கு மேல் கொடுத்தது. அதனால் யார் கிணற்றை நடத்துகிறார், அவருக்கு அதே படுகையில் எத்தனை கிணறு தோண்டிய அனுபவம் உண்டு, காப்பீடு எவ்வளவு என்பவை முதலீட்டாளரின் கேள்விகளே.

'கண்டுபிடித்தோம்' என்ற செய்தியைப் படிப்பது

துளைக்குள் கருவிகளை இறக்கி எடுக்கும் பதிவு 'லாக்'. காமா கதிர் அளவு குறைந்தால் களிப்பாறை விட்டு மணற்பாறை வந்திருக்கலாம். மின்தடை கூடினால் துளைகளில் உப்புநீருக்குப் பதில் எண்ணெயோ வாயுவோ இருக்கலாம். இவை எல்லாம் மறைமுகச் சான்றுகள். அடுத்த படி திரவ மாதிரியை எடுத்துப் பார்ப்பது. அதற்கடுத்தது கிணற்றைத் திறந்து ஓடவிட்டு அளப்பது. ஒவ்வொரு படிக்கும் நம்பகம் கூடும்.

இந்தப் படிகளைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதை ஃபாக்லாந்து தீவுகளின் கடலில் தோண்டிய டிசையர் பெட்ரோலியம் காட்டியது. 2010 டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை, ரேச்சல் நார்த் கிணற்றில் எண்ணெய் என்று அறிவிப்பு. பங்கு விலை பாய்ந்தது. திங்கட்கிழமை வந்த அறிவிப்பு, மாதிரியில் வந்தது பெரும்பாலும் தண்ணீர் என்றது. வெள்ளிக்கிழமை வாங்கியவர்களுக்கு வெளியேற வழியே இருக்கவில்லை.

எண்ணெய் உண்மையாகவே இருந்தும் ஏமாறலாம். 2019 ஆகஸ்டில் கயானா கடலில் டல்லோ நிறுவனம் ஜெத்ரோ கிணற்றில் எண்ணெய் கண்டது. அடுத்த மாதம் ஜோ கிணற்றிலும். பக்கத்தில்தான் எக்ஸான்மொபிலின் மாபெரும் லிசா வயல். நவம்பரில் ஆய்வக முடிவு வந்தபோது, அது கந்தகம் மிகுந்த கனமான எண்ணெய் என்று தெரிந்தது. டல்லோவின் பங்கும், 15 சதவீதக் கூட்டாளியான ஈகோ அட்லாண்டிக்கின் பங்கும் ஒரே நாளில் கடுமையாகச் சரிந்தன. எண்ணெயின் அடர்த்தியை ஏபிஐ டிகிரியில் சொல்வார்கள். 30க்கு மேல் இலேசான, எளிதில் விற்கும் எண்ணெய். 20க்குக் கீழே போனால் எடுப்பதும் கடினம், விலையும் குறைவு. கண்டுபிடிப்புச் செய்தியில் இந்த எண் இல்லையென்றால் செய்தி இன்னும் முழுமையாகவில்லை.

தடிமனிலும் இரண்டு கணக்கு உண்டு. '100 மீட்டர் எண்ணெய் அடுக்கு' என்பது மேலிருந்து கீழ் வரையிலான மொத்த அளவாக இருக்கலாம்; அதில் உண்மையில் எண்ணெய் தரக்கூடிய நிகர மணல் 15 மீட்டராக இருக்கலாம். ஓட்ட அளவிலும் அப்படியே. 'நாளொன்றுக்கு 3,000 பேரல்' என்றால் எத்தனை மணி நேரம் ஓடியது, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வு எந்த அளவு திறந்திருந்தது, அதற்குள் அழுத்தம் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். வால்வை அகலத் திறந்து 24 மணி நேரம் ஓடவிட்டால் எந்த எண்ணும் அழகாகத் தெரியும். அமெரிக்காவில் ஷேல் என்னும் இறுக்கமான களிப்பாறையில் தோண்டும் கிணறுகளில் முதல் ஆண்டிலேயே உற்பத்தி பாதிக்கு மேல் விழுவது இயல்பு. முதல் மாத எண்ணைப் பன்னிரண்டால் பெருக்குபவர் ஏமாறுவார்.

கண்டுபிடிப்பு ரிசர்வ்ஸ் ஆகும் தூரம்

தொழில் முழுவதும் ஏற்றுக்கொண்ட வகைப்பாடு ஒன்று இருக்கிறது. இன்னும் தோண்டாத இலக்கில் இருக்கக்கூடியது 'ப்ராஸ்பெக்டிவ் ரிசோர்சஸ்'. தோண்டிக் கண்டுபிடித்தும், சந்தையோ குழாயோ அனுமதியோ இல்லாமல் கிடப்பது 'கன்டிஞ்சென்ட் ரிசோர்சஸ்'. லாபத்தோடு எடுக்க முடியும், எடுக்கும் திட்டமும் உண்டு என்றால்தான் 'ரிசர்வ்ஸ்'. அதிலும் உறுதியானது 1பி. அதோடு நிகழத்தக்கதையும் சேர்த்தது 2பி. சாத்தியமானதையும் சேர்த்தது 3பி. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையமான எஸ்இசி, தன்னிடம் தாக்கல் செய்யும் ஆவணங்களில் முதலிரண்டு ரிசோர்சஸ் வகைகளையும் பொதுவாக அனுமதிப்பதில்லை. அது பேசுவது ரிசர்வ்ஸ் மொழியில் மட்டுமே.

நமக்கு அருகிலேயே சான்று உண்டு. இலங்கையின் மன்னார் படுகையில் கெய்ன் நிறுவனம் 2011இல் டொராடோ, பராகுடா என்று இரண்டு கிணறுகளில் எரிவாயு கண்டது. இரண்டுமே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கடல். பிறகு தோண்டிய டொராடோ நார்த்தும் வாலாகோவும் பலன் தரவில்லை. 2015இல் கெய்ன் வெளியேறியது. வாயு இருக்கிறது என்பதில் ஐயமில்லை; அதைக் கரைக்குக் கொண்டுவரும் செலவைத் தாங்குமளவுக்கு அளவும், வாங்க உறுதியான சந்தையும், ஒத்துவரும் விலையும் சேர்ந்து அமையவில்லை.

ரிசர்வ்ஸ் என்ற சொல்லும் கல்வெட்டு அல்ல. கிருஷ்ணா-கோதாவரி கடற்பகுதியில் ரிலையன்ஸ் நடத்தும் கேஜி-டி6 வயல் 2002இல் கண்டறியப்பட்டு, 2009 ஏப்ரலில் வாயு தரத் தொடங்கியது. நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் என்பது திட்டம். 2010இல் சுமார் 6 கோடியைத் தொட்டது. அதன்பின் தண்ணீரும் மணலும் கிணறுகளுக்குள் புக, சரிந்துகொண்டே போனது. முதன்மை வயல்களில் எடுக்கக்கூடியதாகச் சொன்ன சுமார் 10 டிரில்லியன் கன அடியை 2012இல் சுமார் 3 டிரில்லியனாகக் குறைத்தார்கள். பாறை எதிர்பார்த்ததைவிடச் சிக்கலானது என்றது ரிலையன்ஸ். ஒப்புக்கொண்டபடி போதிய கிணறுகள் தோண்டவில்லை என்றது அரசு. ரிலையன்ஸ் போன்ற நிறுவனம் இதைத் தாங்கிக்கொண்டது. 10 சதவீதப் பங்கோடு இதையே பெரிதும் நம்பியிருந்த கனடாவின் நிகோ ரிசோர்சஸ் தாங்கவில்லை. 2010இல் நூறு கனடா டாலருக்கு மேல் விற்ற அதன் பங்கு, சில ஆண்டுகளில் சில்லறைக் காசுக்கு வந்துவிட்டது.

உங்கள் பங்குக்கு எவ்வளவு?

செலவில் நீங்கள் ஏற்கும் பங்கு ஒர்க்கிங் இன்ட்ரஸ்ட். வருவாயில் உங்களுக்கு வருவது அதைவிட எப்போதும் குறைவு. 10 சதவீத ஒர்க்கிங் இன்ட்ரஸ்ட், நில உரிமையாளருக்கு 20 சதவீத ராயல்டி என்றால் வருவாயில் உங்கள் பங்கு 8 சதவீதம். இலக்கைக் கொண்டுவந்த புவியியலாளருக்கோ தரகருக்கோ மேலும் 5 சதவீத ராயல்டி ஒதுக்கியிருந்தால் 7.5. செலவு மட்டும் முழுப் பத்து. அமெரிக்காவில் 'கால் பங்குக்கு மூன்றில் ஒரு பங்குச் செலவு' என்ற பழைய பேரமும் உண்டு: முதல் கிணற்றின் செலவில் 33 சதவீதம் கொடுத்து 25 சதவீதப் பங்கு வாங்குவது. கொண்டுவந்தவரின் உழைப்புக்கான விலை அது. அதைவிட மோசமான பேரமாக இருந்தால் காரணம் கேளுங்கள். ஒப்பந்தத்தில் கூடுதல் பணம் கேட்கும் பிரிவையும் படியுங்கள். செலவு கூடும்போது உங்கள் பங்கைக் கட்டாவிட்டால், மற்றவர்கள் உங்களுக்காகச் செலவிட்டதைப் போல மூன்று மடங்கு எடுத்துக்கொள்ளும்வரை உங்களுக்கு வருவாய் இல்லை என்பது போன்ற விதி அங்கே இருக்கும்.

ஒரு பேரல் 70 டாலர் என்று வைத்து ஓட்டிப் பார்ப்போம். 20 சதவீத ராயல்டி 14 போனது. கொண்டுசெல்ல 3, அன்றாட உற்பத்திச் செலவு 15, மிச்சம் 38. வயலை உருவாக்கப் போட்ட மூலதனத்துக்காகப் பேரலுக்கு 15 கழித்தால் 23. வரி 40 சதவீதம் என்றால் கையில் 13.80. அந்தப் பேரல் சராசரியாக எட்டு ஆண்டு கழித்து வருகிறது. ஆண்டுக்கு 10 சதவீதம் கழிவு போட்டால் இன்றைய மதிப்பு சுமார் 6.40 டாலர். முதலீடு முன்கூட்டியே செலவாவதால் நடைமுறையில் இது இன்னும் குறையும். 6 என்று கொள்வோம்.

மேலே போட்ட 2.1 கோடி பேரலுக்கு இது 12.6 கோடி டாலர். வெறுங்கிணறானால் இழப்பு 2.5 கோடி என்க. 26 சதவீத வாய்ப்பில் 12.6 கோடி, 74 சதவீத வாய்ப்பில் 2.5 கோடி இழப்பு: 3.28 கழித்தல் 1.85. சுமார் 1.4 கோடி டாலர் மதிப்புள்ள இலக்கு, தோண்டலாம். அதே இலக்கு 50 லட்சம் பேரல்தான் என்றால் வெற்றியின் மதிப்பு 3 கோடி. கணக்கு ஒரு கோடிக்கு மேல் நஷ்டத்தில் முடிகிறது. வாய்ப்பு மாறவில்லை, அளவு சுருங்கியதால் தோண்டுவதே நஷ்டக் கணக்கு. சிறிய இலக்குகள் ஏன் தோண்டாமலே கைவிடப்படுகின்றன என்பதற்கு இதுதான் விடை.

இதை நிறுவனத்தின் சந்தை மதிப்போடு பொருத்துங்கள். இந்த இலக்கில் 20 சதவீதம் வைத்திருக்கும் சிறு நிறுவனம்; வேறு சொத்து இல்லை. முழு வெற்றியே கிடைத்தாலும் அதன் பங்கு 2.5 கோடி டாலர். பங்குச்சந்தையில் அதன் மொத்த மதிப்பு 3 கோடி என்றால், தோண்டும் முன்பே வெற்றிக்கும் மேலான விலையைக் கொடுத்து வாங்குகிறீர்கள். இந்தச் சோதனைக்கு ஒரு தாளும் பத்து நிமிடமும் போதும். ஆர்வத்தில் பலர் தவிர்ப்பதும் இதைத்தான்.

26 சதவீத வாய்ப்புள்ள ஐந்து கிணறுகள் வரிசையாகப் பொய்க்க 22 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பத்தும் பொய்க்க 5 சதவீதம். நல்ல இலக்குகளே கையில் இருந்தாலும், இரண்டு கிணற்றுக்குத்தான் பணம் என்றால் நிறுவனம் மூழ்க நேரிடும். வங்கியிலுள்ள ரொக்கம் எத்தனை கிணற்றுக்குத் தாங்கும் என்பதைக் காலாண்டு அறிக்கையில் பாருங்கள். தாங்காதென்றால் தோண்டும் முன் புதிய பங்குகள் வெளியாகும். உங்கள் பங்கு கரையும். பெரிய நிறுவனம் தரவுகளைப் பார்த்துவிட்டுச் செலவை ஏற்றுப் பங்கு எடுத்தால் அது நல்ல அறிகுறி. பெரியவர் விலகினால் கெட்ட அறிகுறி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கயானாவில் 2014இல் ஷெல் விலகிய ஸ்டாப்ரோக் பகுதியில்தான் 2015இல் லிசா கிடைத்தது. ராஜஸ்தானின் பார்மரிலும் ஷெல் விட்ட பங்கைச் சொற்ப விலைக்கு வாங்கிய கெய்ன், 2004இல் மங்களா வயலைக் கண்டது.

மங்களாவின் பின்கதையும் தெரிய வேண்டும். மெழுகு மிகுந்த அந்த எண்ணெய் சாதாரண வெப்பத்தில் உறைந்துவிடும். 600 கிலோமீட்டருக்கு மேல் வழிநெடுகச் சூடாக்கிய குழாய் போட்டே அதை குஜராத் கடற்கரைப் பக்கம் கொண்டுபோனார்கள். முதல் எண்ணெய் 2009இல்தான் வந்தது. பின்னர் முன்தேதியிட்ட வரிச் சட்டத்தின்படி கெய்ன் எனர்ஜியிடம் அரசு பெரும் தொகை கேட்க, சர்வதேசத் தீர்ப்பாயம் 2020 டிசம்பரில் கெய்னுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2022 ஜூலையில் உள்நாட்டுக் கச்சா எண்ணெய்மீது விதித்த எதிர்பாரா லாப வரி 2024 டிசம்பரில்தான் நீங்கியது. நிலத்துக்கு மேலுள்ள ஆபத்தை நிலத்தடி அறிக்கை சொல்லாது. காவிரி டெல்டாவில் நரிமணம், குத்தாலம் எனப் பல இடங்களில் எண்ணெயும் வாயுவும் எடுத்துவருகிறார்கள். நெடுவாசல் போராட்டம் போன்றவற்றுக்குப் பிறகு, 2020இல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிப் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுகளுக்குச் சட்டத்தால் தடை விதித்தது. வயல் உழுபவர்களின் கவலை நியாயமானது. அதைக் கணக்கில் எடுக்காத முதலீட்டுத் திட்டம் தொழில்நுட்ப அளவிலும் அரைகுறையானதே.

இந்தியாவில் சாதாரண முதலீட்டாளர் வாங்கக்கூடியது பங்குகளைத்தான். ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா போன்றவற்றின் விலையை ஒற்றை ஆய்வுக் கிணறு பெரிதாக அசைக்காது; கச்சா விலையும் அரசின் கொள்கையும் ஏற்கெனவே ஓடும் வயல்களின் உற்பத்தியும்தான் அசைக்கும். மேலே சொன்ன கணக்கு முழுவதும் சிறு ஆய்வு நிறுவனங்களுக்கே பொருந்தும்.

அமெரிக்காவில் வசிப்பவர்களுக்குத் தொலைபேசியில் வரும் 'டெக்சஸ் கிணற்றில் நேரடிப் பங்கு' அழைப்புகளைப் பற்றி எஸ்இசியே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. அடையாளங்கள் எளியவை. தோண்டும் செலவை மொத்தக் குத்தகையாக, உண்மைச் செலவைக் காட்டாமல் நிர்ணயித்திருப்பார்கள். விற்பவருக்குக் கிணறு பொய்த்தாலும் லாபம். பெரிய நிறுவனங்களின் கிணறுகள் சூழ்ந்த வரைபடம் காட்டுவார்கள். அவை எந்த ஆழத்தில், எந்த அடுக்கில் என்று சொல்ல மாட்டார்கள். உற்பத்தி முடிந்த கிணற்றை சிமென்ட்டால் மூடும் செலவு யாருடையது என்ற வரி ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்காது. பழைய கிணறுகளை மலிவாகத் தருகிறோம் என்றால் பெரும்பாலும் அந்தக் கடமையைத்தான் கைமாற்றுகிறார்கள். டெக்சஸில் குத்தகைவாரியாக மாத உற்பத்தி எவ்வளவு என்பதை அந்த மாநிலத்தின் ரயில்ரோடு கமிஷன் தன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. பெயர் ரயில்ரோடு என்றாலும் அங்கே எண்ணெய், எரிவாயுவைக் கட்டுப்படுத்துவது அந்த அமைப்புதான். விற்பவர் இதற்கு முன் நடத்திய கிணறுகளின் பெயர்களைக் கேட்டு வாங்கி, அவற்றின் மூன்றாண்டு உற்பத்தியை அதில் பார்த்துவிட்டு அடுத்த அழைப்பை எடுங்கள். பெயர்களைத் தர மறுத்தால் எடுக்க வேண்டியதில்லை.